வெறும் குளிசையின் விந்தை

காய்ச்சலால் வாடிய பிள்ளையைத் தாய் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறாள். வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கிறார். "பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாளிலே மாறிவிடும்" என்று கூறி மருந்தும் கொடுக்கிறார். வீடு திரும்பும் வழியிலேயே பிள்ளையின் முகம் தெளிந்துவிடுகிறது. மருந்து இன்னும் போத்தலை விட்டு வெளியே வரவில்லை. ஆயினும் பாதி நோய் பறந்துவிட்டது போலத் தோன்றுகிறது. "அவருடைய கைராசி அப்படி" என்கிறார் பாட்டியார்.

கைராசி என்ற சொல்லை நம்மவர் வெகு காலமாக வழங்கி வருகின்றனர். ஒரே மருந்தை இரு வைத்தியர் கொடுத்தாலும் ஒருவர் கொடுத்தது உடனே பலிக்கும், மற்றவர் கொடுத்தது அவ்வாறு பலியாது என்பது அதன் கருத்து. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் உளர். நம்பிக்கை ஒன்றே போதும் என்று மருந்தையே கைவிடுவோரும் உளர். இரு சாராரும் உண்மையின் ஒரு பாதியையே கண்டவர்கள். மருந்துச் சத்து ஒரு துளியும் இல்லாத குளிசை மனிதனுக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அந்த ஆராய்ச்சியின் வரலாறு சுவையானது. அதன் முடிவோ ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது.

இத்தகைய வெறும் மருந்துக்கு மேல்நாட்டு வைத்தியர் இட்ட பெயர் 'பிளசீபோ' என்பதாகும். இலத்தீன் மொழியில் இதற்கு 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். நோயைத் தீர்ப்பதற்காக அன்றி, நோயாளியின் மனத்தைத் திருப்தி செய்வதற்காகக் கொடுக்கப்படுவது என்பது கருத்து. சீனியினாற் செய்த குளிசை, நிறமூட்டிய நீர், உப்புநீர் ஊசி ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தனவே. அமெரிக்க சனாதிபதியாக இருந்த தோமஸ் ஜெபர்சன், 1807ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றிலே ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். தாம் அறிந்த வைத்தியருள் மிகுந்த வெற்றி கண்ட ஒருவர், மற்றெல்லா மருந்துகளையும் கூட்டிப் பார்த்தாலும் அவற்றைவிட அதிகமாகப் பாண் உருண்டைகளையும் நிறநீரையும் சாம்பற் பொடியையுமே தாம் கொடுத்து வந்ததாகத் தம்மிடம் கூறினார் என்பதே அச்செய்தி.

மரத்தடியில் மயங்கிய சிறுவன்

நம்பிக்கையின் வலிமையை முதன்முதல் முறையாகச் சோதித்தவர்களுள் பிரான்சு நாட்டு அறிஞர் குழு ஒன்று குறிப்பிடத்தக்கது. வியன்னாவிலிருந்து பாரிசு நகருக்கு வந்த மெஸ்மர் என்னும் வைத்தியர், உயிர்களின் உடலிலே ஒருவகைக் காந்தசக்தி பரவியிருக்கிறது என்றும், அதனைச் சீர்ப்படுத்துவதால் நோய்களைத் தீர்க்கலாம் என்றும் கூறிவந்தார். அவரையும் அவருடைய சீடரையும் நாடிச் சென்றோர் பலர் வலிப்புக் கண்டும் மயங்கியும் விழுந்தனர். எழுந்தபின் சுகமடைந்துவிட்டதாகவும் கூறினர். இதன் உண்மையை ஆராயுமாறு 1784ஆம் ஆண்டில் பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழுவை நியமித்தார். இரசாயன மேதை லவோசியரும், அப்போது அமெரிக்கத் தூதராகப் பிரான்சில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்கிளினும் அக்குழுவில் இடம்பெற்றனர்.

பிராங்கிளினுடைய வீட்டுத் தோட்டத்திலே ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் ஒரு மரத்திற்குக் காந்தசக்தி ஏற்றினார். பின்னர் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மரங்களின் அருகே நிறுத்தினார்கள். முதல் மரத்தடியிலேயே அவனுக்கு வியர்த்தது. அடுத்தடுத்த மரங்களில் அவனுடைய நிலை மோசமாகியது. நான்காவது மரத்தடியில் உணர்விழந்து விழுந்தான். ஆனால் அவன் நின்ற நான்கு மரங்களுள் ஒன்றேனும் சக்தி ஏற்றப்பட்ட மரமன்று! அது சற்றுத் தூரத்தில் இருந்தது. காந்தம் இல்லாமலே நம்பிக்கை வேலை செய்தது; நம்பிக்கை இல்லாதவிடத்துக் காந்தம் வேலை செய்யவில்லை. இதுவே குழுவினர் கண்ட முடிவு.

உலோகக் கோலும் மரக்கோலும்

இதற்குச் சில ஆண்டுகளின் பின் எலிஷா பேர்கின்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர், ஏறக்குறைய மூன்று அங்குல நீளமான இரண்டு உலோகக் கோல்களைச் செய்து 1796ஆம் ஆண்டில் அவற்றிற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். நோவுள்ள இடத்தின் மேல் அவற்றை இழுத்தால் நோவு நீங்கும் என்றார். அவருடைய மகன் அவற்றை இலண்டனுக்குக் கொண்டு சென்று, ஒரு சோடி ஐந்து கினி என்று விற்றார். அக்காலத்தில் அது சாதாரண மக்களுக்கு எட்டாத பெருந்தொகை. வாங்கியவர்களோ சுகம் கண்டதாகப் புகழ்ந்தனர்.

இங்கிலாந்தின் பாத் நகரத்திலே ஜோன் ஹேகார்த் என்ற வைத்தியர் இதனைச் சோதித்தறிய முற்பட்டார். மரத்தினால் அதே வடிவில் இரண்டு கோல்களைச் செய்வித்து, உலோகம் போலத் தோன்றும்படி நிறம் தீட்டினார். 1799ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், வைத்தியசாலையிலிருந்த வாதநோயாளர் ஐவர் மீது அவை பிரயோகிக்கப்பட்டன. நால்வர் நோவு குறைந்துவிட்டது என்றனர். மறுநாள் உண்மையான உலோகக் கோல்களைப் பயன்படுத்தினார்கள். பலன் முதல்நாட் கண்டதைப் போன்றதே! கற்பனையானது உடல் நோய்களை எவ்வாறு உண்டாக்குகிறது, எவ்வாறு தணிக்கிறது என்பது பற்றி ஹேகார்த் 1800ஆம் ஆண்டில் நூல் ஒன்றை வெளியிட்டார்.

பேர்கின்ஸ் என்ன ஆனார்? அவர் வஞ்சகர் அல்லர். தம்முடைய முறைகளில் தாமே உறுதியான நம்பிக்கை கொண்டிருந்தார். நியூயோர்க் நகரில் மஞ்சட் காய்ச்சல் பரவியபோது, தாம் கண்ட மருந்து ஒன்றினால் அதனைத் தீர்க்கலாம் என்று எண்ணி அங்கே சென்றார். அந்நோயே அவரைப் பற்றிக்கொண்டது. ஹேகார்த் மரக்கோலால் சோதனை செய்த அதே 1799ஆம் ஆண்டில் பேர்கின்ஸ் உயிர் துறந்தார். வாத நோவைத் தணித்த நம்பிக்கை, மஞ்சட் காய்ச்சலின் முன் நிற்க முடியவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த ஆராய்ச்சிகளின் சாரம் முழுவதும் இவற்றுள் அடங்கியிருக்கிறது.

காலம் செய்வதும் குளிசை செய்வதும்

இருபதாம் நூற்றாண்டிலே புதிய மருந்துகள் பெருகின. எது உண்மையில் குணம் செய்கிறது, எது வெறும் நம்பிக்கையால் குணம் செய்வது போலத் தோன்றுகிறது என்று பிரித்தறிவது அவசியமாயிற்று. ஆகவே நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பகுதியினராகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும், மறு பகுதியினருக்குத் தோற்றத்திலும் சுவையிலும் அதனையே ஒத்த வெறும் குளிசையும் கொடுக்கும் முறை ஏற்பட்டது. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளருக்கும் தெரியாது. கொடுக்கும் வைத்தியருக்கும் தெரியாது. முடிவிலே கணக்கைப் பார்க்கும்போதுதான் வெளிப்படும்.

அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், இத்தகைய பதினைந்து ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 1955ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றிலே அடங்கிய 1,082 நோயாளருள் நூற்றுக்கு முப்பத்தைந்து பேர் வெறும் குளிசையால் திருப்தியான சுகம் கண்டனர் என்பது அவருடைய கணக்கு. இது உலகெங்கும் பேசப்பட்டது.

ஆனால் இதிலே ஒரு குறை இருந்தது. தடிமன் பிடித்தவன் மருந்து குடித்தாலும் குடியாவிட்டாலும் சில நாட்களில் சுகமடைகிறான். முதுகு நோவும் தலையிடியும் ஏறும், பின்னர் இறங்கும். நோவு உச்சத்தில் நிற்கும்போதே நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம். அது தானாக இறங்கும்போது, உட்கொண்ட பொருளுக்குப் புகழ் சேர்கிறது. ஆகவே குளிசையின் பலனை அறிய வேண்டுமானால், ஒன்றுமே கொடுக்கப்படாத மூன்றாம் பகுதியினரும் வேண்டும். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் இவ்வாறு நடத்தப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான நோய்களில் வெறும் குளிசையின் பலன் ஒன்றும் குறிப்பிடத்தக்கதன்று. நோவு முதலிய, நோயாளி தாமே உணர்ந்து சொல்லும் துன்பங்களில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. கற்பனையிற் கண்ட மலை குன்றாகச் சுருங்கியது. ஆனால் குன்று மறைந்துவிடவில்லை.

கீறித் தைத்ததே போதுமாயிற்று

குளிசை மட்டுமன்று, சத்திரசிகிச்சையும் இவ்வாறு பலிப்பதுண்டு. 1950களில், இருதய நோயினால் நெஞ்சு நோவு உடையோருக்கு, மார்புச் சுவரின் உட்புறமாகச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கட்டிவிடும் சிகிச்சை பிரபலமாக இருந்தது. அவ்வழி அடைபட்டால் இருதயத்திற்கு அதிக இரத்தம் பாயும் என்று எண்ணினர். பலர் சுகம் கண்டனர். அமெரிக்காவின் சியாற்றில் நகர வைத்தியர்கள் 1959ஆம் ஆண்டில் பதினேழு நோயாளரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். எண்மருக்குக் குழாய் கட்டப்பட்டது. ஒன்பதின்மருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் சுகமடைந்ததாகக் கூறினர். அச்சிகிச்சை விரைவில் வழக்கொழிந்தது.

முழங்காலைத் துளைத்து உட்புறத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சையும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. ஹூஸ்டன் நகரில் 180 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சி 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெறுமனே கீறப்பட்டவர்களைவிட, உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் எக்கட்டத்திலும் மேலான சுகம் காணவில்லை. இந்நோயாளர் யாவரும், தமக்கு வெறும் கீறலே கிடைக்கலாம் என்பதை அறிந்து, எழுத்து மூலம் சம்மதித்தவர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூளையில் நிகழ்வது

இவ்வாறு நோவு தணிவது வெறும் பாசாங்கோ என்றால், அன்று. நமது மூளையே அபினை ஒத்த சில பொருள்களைச் சுரக்கிறது. இவற்றை எண்டோர்பின் என்பர். அபினின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் என்ற மருந்தும் உண்டு. கலிபோர்னியாவில், கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி ஒன்று 1978ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெறும் மருந்தினால் நோவு தணிந்தவர்களுக்கு நலொக்சோன் ஏற்றியபோது நோவு மீண்டும் அதிகரித்தது. அஃதாவது, நம்பிக்கை மூளையின் மருந்துப் பெட்டியைத் திறந்தது. நலொக்சோன் அதனை மூடிவிட்டது. நடுக்குவாத நோயாளருக்கு வெறும் ஊசி போட்டபோது, அவர்களுடைய மூளையில் குறைவாக இருக்கும் டொபமின் என்னும் பொருள் சுரந்ததைக் கனடா நாட்டு அறிஞர்கள் 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

இத்தாலியின் தூரின் நகரில் பெனடெட்டி என்ற அறிஞர் செய்த சோதனைகள் இன்னும் வியப்பூட்டுவன. சத்திரசிகிச்சை முடிந்தவர்களுள் சிலருக்கு, வைத்தியர் பக்கத்தில் நின்று, "இது நோவைத் தணிக்கும் மருந்து" என்று கூறி ஊசி மூலம் மருந்தை ஏற்றினார். வேறு சிலருக்கு அதே மருந்தை, அவர்கள் அறியாதபடி ஒரு யந்திரம் ஏற்றியது. அறியாமற் பெற்றவர்களுக்குப் பலன் குறைந்தது. மெய்யான மருந்தின் பலனிலும் ஒரு பங்கு வைத்தியருடைய சொல்லிலிருந்து வருகிறது என்பது இதனால் விளங்கும். கைராசி என்று நம் முன்னோர் சொன்னதில் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஏமாற்றும் சுகம்

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். தொய்வு என்றும் ஆஸ்துமா என்றும் சொல்லப்படும் நோயுடையவர்களைக் கொண்டு அமெரிக்க வைத்தியர்கள் செய்த ஆராய்ச்சி 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயாளர் வெவ்வேறு நாட்களில் நால்வகையான சிகிச்சை பெற்றனர்: மூச்சுக் குழாயை விரிக்கும் உண்மையான மருந்து, அதனைப் போன்ற வெறும் மருந்து, ஊசி குத்துவது போன்ற பாவனை, ஒன்றுமே இல்லாமை. எவ்வளவு சுகம் என்று நோயாளரைக் கேட்டார்கள். மெய்ம்மருந்து பெற்றபோது நூற்றுக்கு ஐம்பது பங்கு சுகம் என்றனர். வெறும் மருந்து பெற்றபோது நாற்பத்தைந்து, பாவனை ஊசிக்கு நாற்பத்தாறு, ஒன்றுமில்லாதபோது இருபத்தொன்று. இதனை மட்டும் கேட்டவர், வெறும் மருந்தே போதும் என்று சொல்லியிருப்பார்.

ஆனால் வைத்தியர்கள் நோயாளரைக் கேட்டதோடு நிற்காமல், அவர்களுடைய மூச்சையும் யந்திரத்தால் அளந்தனர். மெய்ம்மருந்து பெற்றபோது மூச்சின் அளவு நூற்றுக்கு இருபது பங்கு உயர்ந்தது. மற்ற மூன்று முறைகளிலும் ஏறக்குறைய ஏழு பங்கே உயர்ந்தது. ஒன்றும் செய்யாதபோது கண்ட அளவுதான் அது! நோயாளிக்குச் சுகம் போலத் தோன்றியது. சுவாசப்பையோ முன்போலவே இறுகிக் கிடந்தது.

இங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. நோவு வேறு; நோய் வேறு. நோவு என்பது நாம் உணர்வது. நோய் என்பது உடலில் நிகழ்வது. நம்பிக்கை நோவைத் தணிக்கும், நோயைத் தீர்க்காது. சாதாரண தலையிடியிலே இவ்வேற்றுமை பெரிதன்று. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு இது உயிர்ப் பிரச்சினை. நூல் கட்டியதாலோ, தண்ணீர் ஓதிக் கொடுத்ததாலோ, அயலவர் சிபார்சு செய்த பொடியினாலோ பிள்ளை "இப்போது பரவாயில்லை" என்று சொன்னால், அச்சொல் பொய்யன்று. ஆனால் அது மூச்சுக் குழாயின் சாட்சியமும் அன்று. இன்சுலின் பெறும் சலரோக நோயாளி, மனம் தெளிந்திருக்கிறது என்பதற்காக ஊசியை நிறுத்தினால், இரத்தத்திலுள்ள சீனி அவருடைய மனநிலையைக் கேட்டு இறங்கப் போவதில்லை. இரத்த அழுத்தமோ, ஒரு நோவும் காட்டாமலே ஏறி நிற்கக்கூடியது.

அச்சமும் ஒரு நோய்

நம்பிக்கைக்கு நன்மை செய்யும் சக்தி உண்டென்றால், அச்சத்திற்குத் தீமை செய்யும் சக்தியும் உண்டு. 1961ஆம் ஆண்டில் கென்னடி என்ற வைத்தியர் இதற்கு 'நொசீபோ' என்று பெயரிட்டார். 'நான் தீங்கு செய்வேன்' என்பது பொருள். இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கும் ஸ்டற்றின் குளிசைகளை, உடல் உளைவு முதலிய தொல்லைகளால் நிறுத்திவிட்ட அறுபது பேரைக் கொண்டு இலண்டனில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஓராண்டில் நான்கு மாதம் உண்மையான குளிசை, நான்கு மாதம் வெறும் குளிசை, நான்கு மாதம் ஒன்றுமில்லை என்று மாறி மாறிக் கொடுத்தனர். 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, உண்மையான குளிசையினால் உண்டான தொல்லையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெறும் குளிசையினாலும் உண்டாயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. தம்முடைய கணக்கைத் தாமே கண்ட பின்னர், அவர்களுள் பாதிப் பேர் மீண்டும் மருந்தை உட்கொள்ளத் தொடங்கினர்.

பொய் சொல்லாமலே

அங்ஙனமாயின், வைத்தியர் நன்மை கருதி நோயாளியை ஏமாற்றலாமா? ஏமாற்று ஒருநாள் வெளிப்படும். அன்று வெறும் குளிசையோடு மெய்ம்மருந்தின் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். அன்றியும், ஏமாற்று எப்போதும் அவசியமில்லை என்பதையும் ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் குடற் கோளாறு உடைய எண்பது பேரைக் கொண்டு நடத்தப்பட்ட அது, 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு, "இது மருந்தில்லாத வெறும் குளிசை, ஆயினும் உடலுக்குத் தன்னைத்தான் தேற்றும் இயல்பு உண்டு" என்று வெளிப்படையாகக் கூறியே கொடுத்தனர். மூன்று வாரத்தில் அவர்களுள் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் போதிய சுகம் கண்டனர். குளிசை பெறாதவர்களுள் முப்பத்தைந்து பேரே அவ்வாறு கூறினர். அன்பான விசாரிப்பும் தெளிவான விளக்கமும், பொய் கலவாமலே வேலை செய்கின்றன.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்றார். மருந்து நான்கில் ஒன்று என்றாரேயன்றி, அது வேண்டாம் என்றாரல்லர். நோயாளியின் பக்கத்தில் அமர்வதும், ஆறுதல் மொழி கூறுவதும், மருந்தின் பயனை எடுத்துச் சொல்லிக் கையிற் கொடுப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடிய உண்மையான சிகிச்சையாகும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் வைத்தியர் குறித்த அளவையும் குறித்த காலத்தையும் தவறவிடாதிருப்பதும், சுகம் வந்துவிட்டது என்று தோன்றினாலும் பரிசோதித்துப் பார்க்காமல் மருந்தை நிறுத்தாதிருப்பதும் அதே அன்பின் கடமைகளே. நம்பிக்கை மருந்தின் துணைவனாக இருக்கட்டும். அதனை மருந்தின் இடத்திலே இருத்திவிட வேண்டாம்.